திருநங்கைக்கும் பேர் உண்டு, மைதானத்தில் இடமும் உண்டு



சென்ற சித்திரைப் புத்தாண்டுக்கு எங்கள் தோட்டத்தில் நடந்த விளையாட்டு விழாவில் பெண்களுக்கான கயிறு இழுத்தல் போட்டி பாதியில் நின்றுபோனது. அங்கே இருந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். மற்றத் தோட்டங்களில் உள்ளவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

கீழ்ப்பிரிவு அணியில் எட்டுப் பேர். கயிற்றின் கடைசியில் நின்றவளுக்கு இருபது வயது. பிறந்தபோது ஆண் பிள்ளை என்று பதிந்தார்கள், ஆண் பெயர் வைத்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து என்னிடம் படித்த பிள்ளை. சாதாரண தரப் பரீட்சை எழுதிய பிறகு பெண்ணாக உடுத்தி, பெண்ணாகவே வாழத் தொடங்கினாள். இரண்டு வருடமாகக் கீழ்ப்பிரிவுப் பெண்களோடுதான் மலைக்குப் போனாள், அவர்களோடுதான் நிரை பிடித்தாள். அன்று அவளை அணியில் சேர்த்ததும் அவளோடு கொழுந்தெடுக்கும் அக்காமார்தான்.

மேற்பிரிவுப் பெண்கள் ஆட்சேபணை சொன்னார்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேறு. ஒலிபெருக்கியைப் பிடித்திருந்தவர், "அந்த ஒன்பதாம் நம்பரை வெளியே எடுங்கப்பா" என்றார். எட்டுப் பேர் நிற்கிற அணியில் ஒன்பதாம் நம்பர் யாரென்று சின்னப் பிள்ளைக்கும் விளங்கியது. மைதானம் முழுக்கச் சிரித்தது. அவள் கயிற்றை விட்டுவிட்டு, யாரையும் பார்க்காமல் லயத்துப் படியேறிப் போனாள்.

தோட்டக் கமிட்டித் தலைவர், மாதர் பிரிவுத் தலைவி, நான் ஆகிய மூவரும் மேடைக்குப் பக்கத்திலேயே நின்றோம். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் அவள் கொழும்புக்குப் போய்விட்டாள். அந்தப் போட்டிக்கு வைத்திருந்த பரிசு ஆளுக்கொரு பிளாஸ்டிக் பேசின்.

அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பேரைப் போட வேண்டாம் என்றாள். போடவில்லை. அடுத்த சித்திரை வருவதற்கு முன் நமது சங்கம் இந்த விஷயத்தில் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

யார் இவர்கள்?

பிறக்கும்போது ஆண் என்று பதியப்பட்டு, பெண்ணாகத் தன்னை உணர்ந்து வாழ்பவர் திருநங்கை. பெண் என்று பதியப்பட்டு, ஆணாக வாழ்பவர் திருநம்பி. இருவரையும் சேர்த்துத் திருநர் என்கிறோம். பிறப்பிலேயே உடலமைப்பு ஆண், பெண் என்ற இரண்டில் ஒன்றாகத் தெளிவாக அமையாதவர்களும் உண்டு. அவர்கள் இடைப்பாலினத்தவர். இவை வேறு வேறு நிலைகள். நாம் எல்லாவற்றையும் ஒரே எண்ணில் அடக்கிக் கேலி செய்கிறோம். கணக்குப் பாடத்தில் விடை ஒன்பது என்று வந்தால் என் வகுப்பில் பின்வாங்கில் சிரிப்புக் கேட்கும். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சிரிப்பை யார் சொல்லிக் கொடுத்தது? லயத்திலும் மலையிலும் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் பழகியிருக்கிறது.

இது ஏதோ நோய் என்றும், கெட்ட சகவாசம் என்றும், கொழும்பிலிருந்து வந்த பழக்கம் என்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் சொன்ன பிள்ளை பிறந்தது லயக்காம்பராவில். வளர்ந்தது பிள்ளை மடுவத்தில். கொழும்பை அவள் முதலில் பார்த்தது நாம் விரட்டிய பிறகுதான்.

நமது பண்பாட்டுக்கு இது ஒத்துவராது என்றும் சொல்கிறார்கள். மாசி மாதம் காமன் கூத்து நடக்கும்போது ரதி வேடம் பெரும்பாலும் ஆண்கள்தான் கட்டுவார்கள். அந்த ரதியைக் கும்பிட்டுத் தட்டில் காசு போடுகிறோம். வேடம் கட்டுவது வேறு, வாழ்க்கையே அதுவாக இருப்பது வேறு என்பது எனக்குத் தெரியும். என்றாலும் ஆணுடம்பில் பெண்ணைக் கண்டு கும்பிடத் தெரிந்த சனத்துக்கு, பக்கத்து லயத்தில் ஒரு திருநங்கையை மனுஷியாகப் பார்ப்பது அவ்வளவு கஷ்டமா?

கடதாசியும் நாமும்

தோட்டத்தில் "பேர்" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். ஒன்று ஆளுடைய பெயர். மற்றது ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். பேர் விழவில்லை என்றால் அன்று பாடுபட்டது கணக்கில் இல்லை. ஆகவே ஒருவரைப் பேர் இல்லாதவர் ஆக்குவது என்ன கொடுமை என்று நமக்கு வெளியிலிருந்து வந்து யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

நமது முன்னோர் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் துண்டு வேண்டும். கடன் தீர்ந்தது என்று எழுதிய அந்தத் துண்டு இல்லாதவரை வேறு எந்தத் தோட்டமும் எடுக்காது. 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்து இங்கே உழைத்தவர்களிடம் அப்பன், பாட்டன் பிறந்ததற்குக் கடதாசி கேட்டார்கள். காட்ட முடியாதவர்கள் நாடற்றவர் ஆனார்கள், வாக்கும் போனது. எஞ்சியவர்களின் பிரச்சினை தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்தோம். பரம்பரையாக நாம் கேட்டது ஒன்றே ஒன்று. நான் யார் என்பதை என் வாழ்க்கையைப் பார்த்துச் சொல்லுங்கள், கடதாசியை மட்டும் பார்த்துச் சொல்லாதீர்கள் என்றோம். திருநர் கேட்பதும் அதைத்தான்.

ஒவ்வொரு வருடமும் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பும் வேலை என் மேசைக்குத்தான் வரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் ஒரு பெயர், அப்பாவின் சேமலாப நிதியில் இன்னொரு பெயர். ஓர் எழுத்து மாறினாலும் பிரதேச செயலகத்துக்கு நாலு நடை. அடையாள அட்டை இலக்கத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பிறந்த ஆண்டுக்குப் பக்கத்தில் வருடத்தின் எத்தனையாவது நாளில் பிறந்தோம் என்ற எண் இருக்கும். பெண்ணாக இருந்தால் அந்த எண்ணோடு 500 கூட்டுவார்கள். ஆகவே ஒரு திருநங்கை பழைய அட்டையை எங்கே நீட்டினாலும், பெயரைப் படிக்கும் முன்பே அந்த எண் அவளைக் காட்டிக்கொடுத்துவிடும். வங்கியில், வைத்தியசாலையில், வேலை கேட்கப் போகும் இடத்தில், பொலிஸ் சோதனைச் சாவடியில், எங்கும் இதே கதை.

இதற்கு ஒரு வழி இருக்கிறது என்பது நம் தோட்டங்களில் அனேகருக்குத் தெரியாது. 2016இல் சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அதன்படி மனநல வைத்திய நிபுணரின் மதிப்பீட்டுக்குப் பிறகு பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அந்தச் சான்றிதழை வைத்துப் பிறப்புச் சான்றிதழில் பெயரையும் பாலையும் மாற்ற விண்ணப்பிக்கலாம். பின்னர் அடையாள அட்டையையும் மாற்றலாம். வழி இருப்பது நல்லது. ஆனால் அந்த நிபுணர் இருப்பது பெரிய வைத்தியசாலையில். ஒரு முறை போய் முடிவதில்லை. ஒவ்வொரு முறையும் ஒரு பேர் போகும், பஸ் காசு போகும், கூடப்போக ஆள் வேண்டும். தாய் தகப்பன் துணைக்கு வரவில்லை என்றால் பிள்ளை தனியாக என்ன செய்யும்?

சட்டம் என்ன சொல்கிறது?

திருநராக இருப்பது இலங்கையில் குற்றமில்லை. இதை முதலில் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. அந்தப் பாதுகாப்பு பால்நிலை அடையாளத்தின் காரணமாக ஒதுக்கப்படுவோருக்கும் பொருந்தும் என்று 2014இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகள் குழுவின் முன் இலங்கை அரசே சொல்லியிருக்கிறது.

ஆனாலும் பழைய சட்டங்கள் சில கிடக்கின்றன. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் ஒன்று. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் ஆள்மாறாட்டம் பற்றிய 399ஆம் பிரிவும், 365, 365அ பிரிவுகளும் உண்டு. வீதியில் நின்றதற்காகவும் உடுத்தியதற்காகவும் திருநங்கைகளைப் பிடித்துத் தொந்தரவு செய்ய இவை பயன்பட்டு வந்திருக்கின்றன. 365, 365அ பிரிவுகளைத் திருத்தி, வயது வந்த இருவரின் சம்மதமான உறவைக் குற்றமாகக் கொள்ளாதிருக்க ஒரு சட்டமூலம் வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023இல் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அச்சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறவில்லை.

இவர்களுடைய உரிமை வெளிநாட்டுச் சரக்கு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே சொன்ன சட்டங்களை எழுதியவன் வெள்ளைக்காரன். வேலையை விட்டுப் போன கூலியைச் சிறையில் போடச் சட்டம் எழுதிய அதே அரசாங்கம்தான் அவற்றையும் எழுதியது.

"ஆம்பள பலத்தோட இழுக்கணுமா?"

இனி விளையாட்டு. இங்கேதான் நமது பெண்களுக்கே மனத்தாங்கல் இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க நான் தயாரில்லை.

விழா முடிந்த மறுவாரம் மேற்பிரிவு அணித் தலைவி என்னைத் தேடி வந்தார். "டீச்சர், நாங்க சிரிக்கல. ஆனா எங்களுக்கு வருசத்துல ஒரே ஒரு நாள்தான் விளையாட்டு. அன்னைக்கும் ஆம்பள பலத்தோட இழுக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. காலையில் எழுந்து சமைத்து, பிள்ளையை அனுப்பி, பிரட்டுக்கு ஓடி, மலையேறி, கொழுந்து நிறுத்து, திரும்ப வந்து சமைக்கிற பெண்ணுக்கு விளையாட்டு என்பதே கிடைக்காத ஒன்று. கிடைத்த ஒரு நாளும் பறிபோகுமோ என்ற பயத்தை யாரும் பிழை சொல்ல முடியாது.

பருவம் அடையும்போது ஆணுடலில் ஊறும் சுரப்பு உயரத்தையும் தசையையும் எலும்பையும் கூட்டுகிறது. பெண்களுக்குத் தனிப் போட்டி வைப்பதே அதனால்தான். பின்னாளில் சிகிச்சை எடுக்கும் திருநங்கையிடம் அந்த அனுகூலம் எவ்வளவு குறைகிறது, எவ்வளவு எஞ்சுகிறது என்பதில் விஞ்ஞானிகளிடையே இன்னும் வாதம் நடக்கிறது. உலக விளையாட்டு அமைப்புகளும் ஒரே நிலைப்பாட்டில் இல்லை. 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழு, எடுத்த எடுப்பிலேயே எவருக்கும் அனுகூலம் இருப்பதாகக் கொள்ளக்கூடாது, ஒவ்வொரு விளையாட்டும் ஆதாரத்தைப் பார்த்து விதி செய்ய வேண்டும் என்று வழிகாட்டியது. 2023 மார்ச்சில் உலக மெய்வல்லுநர் சம்மேளனம், ஆணாகப் பருவம் அடைந்த திருநங்கைகள் சர்வதேசப் பெண்கள் போட்டிகளில் ஓட முடியாது என்று முடிவெடுத்தது. அதே வருடம் நவம்பரில் சர்வதேச கிரிக்கெட் பேரவையும் அப்படியே செய்தது. உலகச் சாதனையும் பதக்கமும் பணமும் இருக்கும் மேடையில் இந்த வாதம் நடக்கட்டும். அங்கே எனக்கும் எல்லாவற்றுக்கும் விடை தெரியாது.

ஆனால் அந்த மேடையிலேயே, யார் பெண் என்று சோதிக்கப் புறப்பட்டபோது அடிபட்டது யார் என்பதைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் சாந்தி சௌந்தரராஜன் என்று ஒரு பெண். தாய் தகப்பன் செங்கல் சூளைத் தொழிலாளர். 2006இல் டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். அதற்குப் பிறகு அவருக்குப் பாலினச் சோதனை நடந்தது. தேறவில்லை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். அவர் திருநங்கை அல்ல. பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்தவர். உள்ளுடல் அமைப்பில் ஒரு வேறுபாடு, அதுவும் அவருக்கே தெரியாதது. அந்தச் செய்தியை உலகம் முழுக்கப் பரப்பினார்கள். மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றார். ஆசியாவில் இரண்டாவதாக ஓடி வந்தவர் பிறகு நாட்கூலிக்குச் செங்கல் சூளைக்குப் போனார். பிற்பாடு படித்துப் பயிற்றுநர் ஆனார், பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார். அது அவருடைய மனவுறுதி.

ஒடிசா மாநிலத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த துத்தி சந்த் என்ற ஓட்டக்காரிக்கும் 2014இல் இதே கதி வந்தது. அவர் சும்மா இருக்கவில்லை. சர்வதேச விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய் வாதாடினார். 2015இல் அந்த விதியை மன்றம் நிறுத்திவைத்தது. மறுவருடம் றியோ ஒலிம்பிக்கில் ஓடினார்.

இந்த இருவரும் கூலிக் குடும்பத்துப் பெண்கள். ஒரு பெண்ணின் உடம்பைச் சந்தேகப்படும் அதிகாரத்தை ஊருக்குக் கொடுத்தால், அது திருநங்கையோடு நிற்காது. தோள் அகன்ற பிள்ளை, குரல் கட்டையான பிள்ளை, மீசைமயிர் அரும்பிய பிள்ளை என்று எல்லாப் பெண் பிள்ளைகளையும் நிறுத்திப் பார்க்கும். கவனித்துப் பாருங்கள், நம் மலையில் பாரம் தூக்கிப் பழகிய பெண்களில் எத்தனை பேருக்குத் தோள் அகலம்?

முரளியின் கை

உடம்பின் மேல் வந்த சந்தேகத்தை எப்படித் தீர்ப்பது என்பதற்கு நமக்குத் தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. 1995 டிசம்பரில் மெல்பர்ன் மைதானத்தில் முத்தையா முரளிதரன் பந்தை எறிகிறார் என்று நடுவர் திரும்பத் திரும்ப நோபோல் கொடுத்தார். பிறப்பிலேயே முழுதாக நிமிராத முழங்கை அவருக்கு. பார்வையாளர் கத்தினார்கள், கேலி செய்தார்கள். மலைநாட்டுப் பையன் ஒருவனை மைதானம் முழுக்கச் சிரித்த அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து நம்மவர்கள் எப்படிக் கொதித்தார்கள் என்று எங்கள் அப்பா இன்றும் சொல்வார்.

பிறகு என்ன நடந்தது? ஆய்வுகூடத்தில் கையை அளந்தார்கள். மற்றப் பந்துவீச்சாளர்களின் கைகளையும் அளந்தபோது, எறிகிறார் என்று யாரும் சொல்லாதவர்களின் கையும் மடங்கி நிமிர்வது தெரிந்தது. 2005இல் எல்லோருக்கும் பொதுவாக 15 பாகை என்று விதி வந்தது. முரளி 800 டெஸ்ட் விக்கெட் எடுத்தார்.

முரளியின் விஷயமும் திருநங்கையின் விஷயமும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. சந்தேகம் வந்தால் அளந்து பார், எல்லோருக்கும் ஒரே விதி வை, மைதானத்தில் மானத்தை வாங்காதே என்பதுதான் அதில் நமக்குள்ள பாடம்.

அப்படியே கயிற்றுக்கு வருவோம். சர்வதேசக் கயிறு இழுத்தல் போட்டிகளில் அணியின் மொத்த நிறையைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். எட்டுப் பேரையும் சேர்த்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது கணக்கு. நமது தோட்டத்தில் இல்லாததா தராசு? தராசைக் கண்டாலே நமக்குச் சந்தேகம் வரும் என்பது உண்மைதான், ஆனால் இந்தத் தராசில் முள்ளைப் பார்க்கப்போவது நாம். இரண்டு அணியையும் நிறுத்து, நிறை சமமாக வரும்படி ஆளைச் சேர்த்தால் மேற்பிரிவுத் தலைவியின் கேள்விக்குப் பெருமளவு பதில் கிடைத்துவிடும். நிறை ஒன்றானாலும் பலம் ஒன்றாகாது என்பார்கள். சரி, கவ்வாத்து மலையில் கூடை சுமந்த நாற்பது வயது அக்காவும், நேற்று வேலைக்குச் சேர்ந்த பதினெட்டு வயதுப் பிள்ளையும் ஒரே பலமா? அதை ஒருநாளும் நாம் கேட்டதில்லை. நமது மைதானம் ஒலிம்பிக் அல்ல. பிளாஸ்டிக் பேசினுக்காகவும் சிரிப்புக்காகவும் கூடுகிற இடம். அங்கே முதல் விதி எல்லோரும் விளையாடுவது.

பாடசாலையிலும் இதே நிலைதான். உடற்கல்விப் பாடத்தன்று மட்டும் வயிற்றுவலி வரும் பிள்ளைகள் எனக்குத் தெரியும். பையன்களோடு நின்றால் அடி, பெண் பிள்ளைகளோடு நின்றால் சிரிப்பு. அதனால் மைதானத்தின் ஓரத்தில் மற்றவர்களின் செருப்புக்குக் காவல். அப்படி ஒதுங்கும் பிள்ளை முதலில் விளையாட்டை விடும், பிறகு பாடசாலையை விடும், பிறகு ஊரை விடும். 2017இல் கேரள மாநில விளையாட்டுச் சபை திருவனந்தபுரத்தில் திருநருக்கென்றே ஒரு மெய்வல்லுநர் போட்டி நடத்தியது. ஓட இடம் கொடுத்தால் ஓட ஆள் இருக்கிறது என்பதற்கு அது சாட்சி.

"சங்கத்துக்கு வேறு வேலை இல்லையா?"

சம்பளம், வீடு, காணி என்று ஆயிரம் பிரச்சினை இருக்கும்போது இது எதற்கு என்று சில தோழர்கள் கேட்பார்கள். அவர்களுக்கு 1984ஐ ஞாபகப்படுத்த விரும்புகிறேன். அதுவரை இந்த நாட்டின் தேயிலைத் தோட்டங்களில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த சம்பளம். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அப்படித்தான். காரணம் கேட்டால், பெண்ணின் உடம்புக்கு அவ்வளவு வேலைதான் வரும் என்றார்கள். இந்த நாட்டுக்கு டொலர் கொண்டுவந்த கொழுந்தைக் கிள்ளியது அந்த உடம்புதான். சங்கங்கள் போராடிய பிறகே 1984இல் சம சம்பளம் வந்தது. அன்றும் நம்மவர்களிலேயே, ஆணின் சம்பளத்தை முதலில் கூட்டுவோம், பெண்ணின் கதை பிறகு என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் நமது அம்மாமார் குறைந்த சம்பளத்தோடேயே போயிருப்பார்கள்.

உடம்பைக் காட்டி ஒருவரின் உரிமையைக் குறைக்கலாம் என்று ஒத்துக்கொண்டால், அந்த வாசல் திறந்தேதான் இருக்கும். நாளை யார் அதனூடாக வெளியே தள்ளப்படுவார் என்று சொல்ல முடியாது. சந்தா கொடுக்கும் ஒவ்வொருவருக்கும் சங்கம் பொறுப்பு. அந்தப் பிள்ளையும் இரண்டு வருடம் சந்தா கொடுத்தவள்.

நாம் செய்ய வேண்டியவை

தோட்டக் கமிட்டிகளின் முன் இந்த ஐந்து விஷயங்களையும் வைக்கிறேன். கூட்டிக் குறைத்துத் தீர்மானமாக எடுங்கள்.

முதலாவது, சங்க அங்கத்துவ அட்டையில் அங்கத்தவர் எந்தப் பெயரில் வாழ்கிறாரோ அந்தப் பெயரை எழுதுவோம். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. செக்ரோலில் பழைய பெயர் இருந்தாலும், பிரட்டில் பேர் கூப்பிடும்போது வாழும் பெயரைக் கூப்பிடும்படி நிர்வாகத்திடம் கேட்போம்.

இரண்டாவது, பாலின அங்கீகாரச் சான்றிதழ் எடுக்க விரும்பும் எவருக்கும் கிளை சார்பில் ஒருவர் துணைக்குப் போக வேண்டும். விண்ணப்பம் நிரப்புவதை என்னைப் போன்ற ஆசிரியர்கள் பொறுப்பெடுப்போம். போன நாள்களின் பேர் இழப்புக்குக் கிளை நிதியிலிருந்து ஒரு தொகை ஒதுக்க முடியுமா என்று பாருங்கள்.

மூன்றாவது, மலையிலோ ஸ்டோரிலோ ஒருவரை எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவது, தொட்டுப் பார்ப்பது, உடுப்பைப் பற்றிப் பேசுவது எல்லாம் துன்புறுத்தல். பெண் தொழிலாளிக்கு இப்படி நடந்தால் என்ன நடவடிக்கை எடுப்போமோ அதே நடவடிக்கை. தோட்டத்தில் தீராவிட்டால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அந்தக் கடிதத்தைச் சங்கம் எழுதட்டும்.

நான்காவது, விளையாட்டு விழாவுக்கு முன்பே விதிகளை எழுதிப் பிரட்டுக்களத்தில் ஒட்டுவோம். கயிறு இழுத்தல் நிறையைப் பார்த்து. கொழுந்து பறிக்கும் போட்டி, சாக்கோட்டம், தேசிக்காய் ஓட்டம் போன்றவற்றில் ஆணும் பெண்ணும் திருநரும் கலந்த அணிகள் இருக்கட்டும். ஆட்சேபணை இருந்தால் கமிட்டியிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஒலிபெருக்கியில் எவருடைய உடம்பைப் பற்றியும் பேசக்கூடாது. எவருடைய உடம்பையும் எவரும் சோதிக்கக்கூடாது.

ஐந்தாவது தாய் தகப்பன்மாருக்கு. பிள்ளை வித்தியாசமாக இருக்கிறது என்று அடிக்காதீர்கள், பேயோட்டக் கொண்டுபோகாதீர்கள், பாடசாலையை நிறுத்தாதீர்கள். என்னிடம் கூட்டிவாருங்கள், பேசுவோம். அந்தப் பிள்ளையின் அம்மா என்னிடம் சொன்னதை எழுதுகிறேன். "மகள்னு சொல்ல இன்னும் வாய் வரல டீச்சர். அதுக்காகப் புள்ள இல்லன்னு ஆயிருமா?" எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்க்கு விளங்கியது, படித்த எனக்கு அன்று மேடைக்குப் பக்கத்தில் நின்றபோது விளங்கவில்லை.

சென்ற கிழமை அவளோடு தொலைபேசியில் பேசினேன். ஒரு தையல் ஆலையில் வேலை செய்கிறாள். அங்கேயும் பழைய அட்டையால் பிரச்சினைதான். சித்திரைக்கு வருவாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இந்தத் தடவையும் பேசின்தானா டீச்சர்?" என்று கேட்டுச் சிரித்தாள். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவள் வந்தாலும் வராவிட்டாலும் நாம் செய்ய வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அன்று ஒலிபெருக்கியில் சொன்னதை ஒலிபெருக்கியில்தான் திரும்ப வாங்க வேண்டும். அடுத்த விழாவின் தொடக்கத்தில், அதே மைதானத்தில், கமிட்டி சார்பில் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நமது கிளைக் கூட்டத்தில் பிரேரணை கொண்டுவரப்போகிறேன். வழிமொழிய ஒரு கை வேண்டும். மேற்பிரிவு அணித் தலைவி தான் வழிமொழிவதாக என்னிடம் சொல்லியிருக்கிறார்.